வெண்டலின் பெரிய கியர்பாக்ஸ்

கேட்டில் தொடங்கி மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் வெண்டல் தன் சிவப்பு கேமரோ காரை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். ஒற்றைக் கை ஸ்டீயரிங்கில், கழுத்து பின்னால். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த இடத்தில் ஒரே வீச்சில் கொண்டுபோய்ச் செருகினான். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

பழைய கார் கண்காட்சியில் எல்லோருமே வண்டியின் மூக்கு வெளியே தெரியும்படிதான் நிறுத்துவார்கள். ஆனால் மற்றவர்கள் தங்கள் இடத்துக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் பின்வாங்குவார்கள். வெண்டலுக்கு அலட்டல் கேட்டிலேயே ஆரம்பித்தாக வேண்டும், ஒமாஹா நகரத்துக்காரன் அல்லவா!

இறங்கியவன் நேராக கர்ட்டின் கூடாரத்துக்கு வந்தான். கர்ட் கியர்பாக்ஸ் வியாபாரி. தரையில் பலகை போட்டு, நெடுஞ்சாலை வேகத்திலும் எஞ்சினைத் திணறவிடாத ஓவர்டிரைவ் கியர் கொண்ட இரண்டு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களை வைத்திருந்தான். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. எதை வாங்குவது என்று தெரியாமல் லோர்னா காலையிலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவளுடைய அறுபத்தைந்தாம் வருஷத்து இம்பாலாவில் இருப்பது இரண்டே கியர். நெடுஞ்சாலை வேகத்தைத் தொட்டால் எஞ்சின் ஒப்பாரி வைக்கும். அடுத்த மாதம் டென்வரில் மகளுக்குப் பிரசவம். அதற்குள் வண்டியை அவ்வளவு தூரம் ஓடும்படி செய்தாக வேண்டும்.

சின்ன கியர்பாக்ஸ் அப்படியே பொருந்திவிடும். பெரியதை மாட்ட வண்டியின் தரையை வெட்ட வேண்டும். அந்த இம்பாலாவோ தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் ரம்பத்தைக் கண்டதே இல்லை.

"உன் எஞ்சினுக்குச் சின்னதே தாராளம் லோர்னா," என்றான் கர்ட். "தரையை வெட்டிட்டா வெட்டினதுதான். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை."

வெண்டல் சின்ன கியர்பாக்ஸைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"இதுக்குப் பேரு கியர்பாக்ஸா? எங்க வீட்டு வாஷிங் மெஷின்ல இதைவிடப் பெருசா இருக்கு. அம்மணி, இதை மாட்டிக்கிட்டு டென்வர் கிளம்பினா பாதி வழியில நின்னு போற வர்றவன்கிட்ட கை காட்டணும். பேரப்பிள்ளை மீசை வச்ச அப்புறம்தான் போய்ச் சேருவ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லோர்னாவின் முகம் சுண்டிப்போனது.

"நீ எதைப் போட்டிருக்க?"

"பெருசு! போன மாசம் மாட்டினேன். லாரிக்குப் போடற சாமான். ஒமாஹாவிலேர்ந்து இங்க வரைக்கும் எழுபத்தஞ்சு மைல் வேகத்துல வந்திருக்கேன். ஒரு முனகல் உண்டா?"

"கூலர் வச்சியா?" என்று கேட்டான் கர்ட். "எண்ணெய் சூடேறிச்சுன்னா பெருசும் வெந்துடும்."

"கூலராம் கூலர்! தொடைநடுங்கிங்க வாங்கறது. ஒண்ணு வாங்க வந்தவன் தலையில இன்னொண்ணையும் கட்டணும் உனக்கு."

அடுத்தவன் வண்டியைக் கேவலப்படுத்தாமல் வெண்டலுக்குச் சோறு இறங்காது. எங்கள் பழைய கார் கிளப்பில் பாதிப் பேர், தேவை இருக்கிறதோ இல்லையோ, அவன் வாய்க்குப் பயந்தே எதையாவது வாங்கி மாட்டியவர்கள். இப்போது லோர்னாவும் அந்த வரிசையில் சேரப்போகிறாள் என்பதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி கர்ட், பெருசே இருக்கட்டும். தரையை வெட்டிடு," என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பிறகு வெண்டலிடம் திரும்பினாள்.

"ஆனா அதுக்கு முன்னாடி உன் வண்டியில ஒரு தடவை உக்காந்து பாக்கணும். நெடுஞ்சாலை வரைக்கும் போயிட்டு வந்துடலாம் வா."

"இப்பவா? இப்பத்தான் மெழுகு போட்டுத் துடைச்சிருக்கேன். நடுவருங்க வர்ற நேரம்."

"அவங்க சாப்பிட்டுட்டு மத்தியானம்தான் வருவாங்க," என்றான் கர்ட்.

"போறவங்க வர்றவங்களை எல்லாம் ஏத்திக்கிட்டுச் சுத்த நான் என்ன டாக்ஸியா ஓட்டறேன்?"

லோர்னா அதைக் காதில் வாங்கவில்லை. போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். "போயேன் வெண்டல், என்ன பிகு பண்ற!" என்று கூட்டம் உசுப்பேற்றியது. வெண்டலின் முகம் அவன் வண்டியைவிடச் சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி ஜீனெட் இரண்டு கோப்பை லெமனேடோடு கேட் பக்கமிருந்து வந்தாள். ஒவ்வொரு வருஷமும் சாப்பாட்டுப் பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவள் அவள்தான். ஊரே மெச்சும் கேமரோவில் அவளுக்கு மட்டும் இடம் கிடைக்காது.

"ஜீனெட், நீயாவது சொல்லேன்!" லோர்னா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஒரே ஒரு ரவுண்டு போதும். இந்த மனுஷன் பேச்சை நம்பித்தான் என் இம்பாலாவை வெட்டச் சொல்லியிருக்கேன்."

ஜீனெட் கணவனைப் பார்த்தாள். அவன் யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். அவள் திரும்பி, வெயிலில் நின்ற இம்பாலாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஈரம் சொட்டும் கோப்பைகளைக் கேமரோவின் புது மெழுகின்மேல் நிதானமாக வைத்தாள்.

"இறங்கு லோர்னா. எழுபத்தஞ்சுல வந்தது என் பிக்கப், இதை டிரெய்லர்ல ஏத்திக் கட்டி இழுத்துட்டு வந்தேன். இதுல இப்ப ரிவர்ஸ் மட்டும்தான் வேலை செய்யுது."