எல்லாருக்கும் வந்த எச்சரிக்கை

அவள் போனை நீட்டினாள்.

“எல்லாருக்கும் வந்துச்சாம்லா அண்ணாச்சி. என் போன்லதான் ஏதோ கோளாறு. கொஞ்சம் பாருங்களேன்.”

தெருச் சங்கச் செயலாளர் வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூட வகுப்பறைக்குள் ஆற்றங்கரைத் தெரு மொத்தமும் பாய் விரித்துக் கிடந்தது. சற்றுமுன்தான் தாசில்தார் வந்துவிட்டுப் போயிருந்தார். அணை திறந்த அன்று தெரு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் பேசிப் போட்ட எச்சரிக்கையால்தான் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று சொல்லி, செயலாளரின் தோளில் தட்டினார்.

தெருவே கைதட்டியது.

அவளும் தட்டினாள்.

சண்முகவடிவு. கடைசி வீடு. பால் ஊற்றிப் பிழைப்பவள். எழுதப் படிக்க வராது.

குழுவில்தான் போட்டாச்சே என்று யாரும் போய் அவள் கதவைத் தட்டவில்லை. பாய் நனைந்த பிறகுதான் எழுந்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடத்தான் நேரம் இருந்தது. சினைமாடு கட்டின கயிற்றோடு வெள்ளத்தில் போய்விட்டது.

அவர் குழுவைத் திறந்தார்.

கோளாறு ஒன்றுமில்லை.

ஆடி மாதத்தில் அவர்தான் அவளை நீக்கியிருந்தார். சாக்கடை எப்ப அள்ளுவீங்க, எப்ப அள்ளுவீங்க என்று விடியுமுன்னே பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். காப்பி ஆறுவதற்குள் முடிந்த வேலை. நாலைந்து பேர் கட்டைவிரல் படம் போட்டுப் பாராட்டினார்கள்.

சொல்லிவிட வாயெடுத்தார்.

அவள் டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பித் தன் போனை எடுத்தார். அவளைக் குழுவில் சேர்த்தார். அன்றைய எச்சரிக்கையையும் மறுபடி அனுப்பினார்.

அவள் கையில் மணி அடித்தது.

காதில் வைத்துக் கேட்டாள். அவர் குரல்தான். பதற்றமில்லாத, தெளிவான குரல். மேட்டுப் பக்கம் போயிருங்க, மாடு கன்னை அவுத்து விட்டிருங்க என்றது.

தலையாட்டித் தலையாட்டி முழுவதும் கேட்டாள். முந்தானையால் போனைத் துடைத்தாள்.

பிறகு வகுப்பறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“வேற யாருக்கெல்லாம் வரல? கொண்டாங்க. அண்ணாச்சி சரிபண்ணித் தாராவ.”

சுவரோரம் இரண்டு பேர் எழுந்தார்கள்.

ஒருவர், குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று குழுவில் கேட்டவர்.

இன்னொருவர், தெருவிளக்கு.