கம்பத்தடிக் குழி

முதலில் பால்காரர் பலவேசம் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அடுத்து தையல்காரி மரியபுஷ்பம் விழுந்து முன்பற்கள் இரண்டை இழந்தாள். மூன்றாவதாகத் தபால்காரர் சைக்கிளோடு விழுந்தார். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூவரும் விழுந்தது தெருவிளக்குக் கம்பத்தடியில் இருந்த சாக்கடைக் குழியில்தான். கம்பமோ ஏழு வருடமாகப் பல்பு இல்லாமல் நின்றது. தன்மேல் ஒட்டிய கண்டன நோட்டீஸ்களைப் படித்துப் படித்தே அது போராளியாகியிருந்தது.

"நாலாவது ஆள் விழறதுக்குள்ள வெளிச்சம் வந்தே தீரணும்" என்றது கம்பம்.

"விழற ஆளைப் பொறுத்தது, தலைவரே" என்றது குழி.

நாலாவதாக விழுந்தது ஒரு நடிகையின் நாய்க்குட்டி, டிம்பிள். ஒரு பாதத்தில் சேறு பட்டது. மூன்று நாள் தொலைக்காட்சியில் வேறு செய்தியே இல்லை. அது பிஸ்கட்டை மறுத்தது ஏன் என்று நான்கு நிபுணர்கள் விவாதித்தார்கள். நான்காம் நாள் பல்பு வந்தது, குழிக்கு மூடி வந்தது, திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் வந்தது.

"போராட்டம் ஜெயிச்சிருச்சா, தலைவரே?" என்று மூடிக்கடியிலிருந்து குழி கேட்டது.

"வாயை மூடு."

"அதைத்தான் மூடிட்டாங்களே."

"கல்வெட்டில் பலவேசம் பேராவது இருக்கும், பார்" என்றது கம்பம் விறைப்பாக.

மாலை ஆறு மணிக்குக் கம்பத்தில் பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் முதல் வரிசையில் பலவேசம் தெரிந்தார். கைதட்ட வசதியாக ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கவுன்சிலர் திரையை விலக்கி, கல்வெட்டில் இருந்த ஒரே பெயரைக் கூடியிருந்தவர்களுக்கு உரக்கப் படித்தார்:

"செல்வி டிம்பிள்."