பாக்கெட்டுக்கு மட்டும் ஏன்?

காலருக்கு வயிறு எரிந்தது. ரொம்ப நாளாகவே எரிந்துகொண்டுதான் இருந்தது. இன்றைக்குப் புகையே வந்துவிட்டது.

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் எந்தப் பாகத்தைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். காலர் தைப்பவள் காலர். கை தைப்பவள் கை. பட்டன் வைப்பவள் பட்டன். இத்தனை வயிற்றெரிச்சலுக்கும் காரணமானவள் பாக்கெட்.

பிரசவ லீவு முடிந்து வந்ததிலிருந்தே பாக்கெட் ஒரு தினுசாகத்தான் இருந்தாள். துணியை மிஷினில் வைத்துவிட்டுத் தைக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். திடீரென்று கண்ணில் தண்ணீர் கொட்டும். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். தூக்கமே வரவில்லை, குழந்தையைத் தொடவே பயமாக இருக்கிறது என்று பட்டனிடம் ஒருமுறை சொன்னாளாம். பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி வரும், மெல்ல மெல்லத்தான் சரியாகும் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறாராம்.

காலர் இதைத் துளியும் நம்பவில்லை.

"பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு. பார்த்துக்க மாமியார் இருக்காங்க. புருஷனும் தங்கமானவன். இவளுக்கு அழறதுக்கு என்ன கேடு?" என்று பட்டனிடம் கேட்டாள்.

பட்டன் அடுத்த சட்டையை எடுத்து மிஷினில் வைத்தாள்.

காலருக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் பிறக்கவே இல்லை. பாக்கெட்டின் போனில் அந்தக் குழந்தை சிரிக்கிற படத்தைப் பார்க்கும்போதெல்லாம், இது எனக்கு இருந்தால் நான் ஏன் அழப்போகிறேன் என்று நினைப்பாள். நினைத்துவிட்டுப் பாக்கெட்டை இன்னும் கொஞ்சம் வெறுப்பாள்.

வயிற்றெரிச்சல் குழந்தை விஷயத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. லைனில் இருக்கிற அத்தனை பேரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். டீ அவள் இடத்துக்கே போனது. காற்று வருகிற ஜன்னலோர மிஷின் அவளுக்கு. ஊசி முறிந்தால் மற்றவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற சூப்பர்வைசர் அக்கா, அவளிடம் மட்டும் "பரவாயில்லைம்மா" என்பாள். அந்த "ம்மா"வைக்கூடக் காலரால் தாங்க முடியவில்லை.

அதைவிட ஒன்று அவள் மண்டையைக் குடைந்தது. பாதி நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளின் கட்டு சாயங்காலம் எப்படி முழுசாகிவிடுகிறது? ஒரு நாளைக்கு இத்தனை என்ற கணக்கில் தைத்து முடித்த துணிகளை ஒரு கட்டாகக் கட்டி வைக்க வேண்டும். கட்டு குறைந்தால் எச்சரிக்கை. தொடர்ந்து குறைந்தால் வேலை போய்விடும். யாராக இருந்தாலும் அதுதான் சட்டம்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் அது புரிந்துவிட்டது. மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்க உள்ளே வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். பட்டனும் கையும் ஆளுக்கொரு மிஷினில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் பாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்ததையெல்லாம் பாக்கெட்டின் கட்டுக்கு நடுவில் செருகினார்கள்.

காலர் நேராக சூப்பர்வைசர் அக்காவின் அறைக்குப் போனாள். பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மேனேஜர் காதுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் சூப்பர்வைசர் அக்கா.

காலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா விட்டு வச்சிருக்கீங்க? மேனேஜர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா நாளைக்கே அவளை நிறுத்திடுவாங்க. இந்த நிலைமையில வேலையும் போய் வீட்டுக்குள்ளயே கிடந்தா அவ என்ன ஆவான்னு யோசிச்சியா?"

"நான் என்ன ஆவேன்னு யாராவது யோசிச்சீங்களாக்கா?" என்றாள் காலர். "பிள்ளையைப் பறிகொடுத்துட்டு வந்து இதே லைன்லதான் உட்கார்ந்தேன். எனக்கு யாரு சலுகை காட்டினாங்க? அழுதுக்கிட்டேதான் தைச்சேன். ஒரு நாள்கூட என் கட்டு குறைஞ்சதில்லை. என்னால முடிஞ்சது அவளால மட்டும் ஏன் முடியாது?"

சூப்பர்வைசர் அக்கா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"குறைஞ்சது. தினமும் குறைஞ்சது. பாதிகூட நீ தைக்கலை. எவ்வளவு தைச்சோம்னு பார்க்கிற நிலைமையில நீ இல்லை, அதனால உனக்குத் தெரியலை."

காலர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்த நாட்களில் என்ன தைத்தோம் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. மிஷின் சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"ஒரு நாள் நான்தான் உனக்கு டீ கொண்டு வந்தேன். பிச்சை போடறீங்களான்னு கேட்டே" என்றாள் சூப்பர்வைசர் அக்கா. "அப்புறம் உன் பக்கத்துல வரவே எல்லாரும் பயந்தோம். செய்யறதை உனக்குத் தெரியாமத்தான் செய்ய வேண்டியிருந்தது."

காலர் ஸ்டூலை விட்டு எழுந்தாள். "அப்போ என் கட்டுல செருகினது யாருக்கா? பட்டனா?"

"பட்டனும் கையும் அப்போ இந்த லைன்லயே இல்லை" என்றாள் சூப்பர்வைசர் அக்கா. "காலர் தைக்கத் தெரியாம, பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சு, சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம உட்கார்ந்து உன் கட்டை நிறைச்சது பாக்கெட்தான்."