வெட்டாமல் விட்ட புள்ளி

தோமி தன் இரண்டு கிமோனோக்களையும் சீப்பையும் துணியில் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் யோஹெய், மரக்கட்டையில் படம் செதுக்குகிறவன், உளியும் கையுமாகத் தலைகுனிந்து நின்றான்.

இருவருக்கும் நடுவே பாயில் கிடந்தது அவன் செதுக்கிய கட்டையில் அச்சான படம். எடோ நகரம் முழுக்க அதே பேச்சுதான். அந்த ஊர்ப் பழைய கதை ஒன்றில் அரசகுமாரி மூங்கில் திரையை விலக்கி நிலவைப் பார்ப்பாள், அதே காட்சி. ஆனால் இங்கே திரையை விலக்குகிறவள் கோயில் வாசல் தேநீர்க்கடைப் பெண் ஒகினு! கையில் அகப்பை, நமக்கு முதுகு, பின்கழுத்தில் எள்ளளவு ஒரு மச்சம்.

"மச்சம் ஓவியர் போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்றாள் தோமி. "நம்பிட்டு இருந்துடறேன்."

சொல்லியிருக்கலாம். ஓவியர் வரைந்த தாளைக் கட்டையில் ஒட்டி அதன்மேலேயே செதுக்குவார்கள்; வெட்டாமல் விட்ட இடம் அச்சில் கறுப்பாக விழும். வேலை முடியும்போது தாளும் தூளாகிவிடும், சாட்சி இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஜன்னல் பக்கம் திரும்பி அவனுக்கு முன்னால் உட்கார்ந்து உளி தீட்டித் தருகிறவளிடம் பொய் வரவில்லை.

"தாள்ல இல்ல தோமி. கழுத்துகிட்ட வந்ததும் கை தானா ஒரு புள்ளிய வெட்டாம விட்டுடுச்சு."

"கண்ணு சொல்லாம கைக்குத் தெரியுமாக்கும்?"

"மூணு நாள் அங்க போய் டீ குடிச்சேன். ஊரே போகுதேன்னு போனேன். அவள வாய் பிளந்து பார்த்தது தப்புதான்." உளியைக் கீழே வைத்தான். "ஆனா மச்சத்தப் பார்த்த ஞாபகமே இல்ல."

"அவ்வளவு சொக்கிப் போயிருக்கீங்க!"

கதவு படாரென்று விலகியது. வாசலில் ஒகினுவே நின்றாள்.

"எந்தக் குருட்டுக் கை அண்ணே செதுக்குச்சு? வர்றவன் எல்லாம் டீய ஆறவிட்டுட்டு என் பின்னாடி வந்து எட்டி எட்டிப் பார்க்கிறான்! நல்லா பாருங்க!" திரும்பி நின்று கழுத்துத் துணியை இறக்கினாள். பவுடர் பூசாத வெறும் கழுத்து. மச்சம் கிச்சம் எதுவும் இல்லை.

யோஹெய் பேந்தப் பேந்த விழித்தான்.

"அப்போ இன்னொருத்தியும் இருக்காளா?" தோமிக்கு அழுகை முட்டியது. பதிலுக்கு நிற்காமல், குனிந்து மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

அவள் பின்னால் நின்றிருந்த ஒகினு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா... உங்க பின்கழுத்த நீங்க பார்த்ததே இல்லையா?"