அங்கே ஒரு சகோதரி

சகோதரியின் கதையை இன்றைக்குச் சொல்ல மாட்டேன் என்று பேருந்தில் வரும்போது கணவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

"அலுத்துப் போச்சுங்க. இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க" என்று அவள்தான் கெஞ்சிக் கேட்டிருந்தாள்.

பதினெட்டு நாளில் இது பதினோராவது சபை. தொலைதூர மிஷனரி ஊழியத்திலிருந்து விடுப்பில் வந்தவர்களை யாரும் ஓய்வெடுக்க விடுவதில்லை. வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவருக்குப் பேச்சு, அவளுக்குப் படம். பின்வரிசையில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். இருபது வருஷ ஊழியத்தில் அவள் மேடையேறியதில்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கூட்டம். பள்ளிக்கூடம் கட்டிய கதைக்கு இரண்டாவது வரிசை தூக்கத்தில் தலையாட்டியது. ஆற்றைக் கடந்த கதைக்குச் சபை மூப்பர் ஒருவர் குறட்டையே விட்டார்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"அங்கே ஒரு சகோதரி…" என்று அவர் ஆரம்பித்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் விரல் தன்பாட்டுக்குப் பொத்தானை அழுத்தியது. இருபத்து மூன்றாவது படம். ஒரு மரம், அதில் தொங்கும் பள்ளிக்கூட மணி.

சகோதரிக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. காய்ச்சல். மழையில் பாதை அறுந்து போயிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி வர மூன்று நாளாகும் என்றார்கள். குழந்தை இரண்டு நாள்தான் காத்திருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் காலை, அந்தச் சகோதரி எழுந்துபோய் எப்போதும்போல் பள்ளிக்கூட மணியை அடித்தாள்.

மூப்பர் விழித்துக்கொண்டார். கைக்குட்டைகள் வெளியே வந்தன. எங்கிருந்தோ ஒரு "ஸ்தோத்திரம்" கேட்டது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலைத் தரையின் குளிர்ச்சியில் வைத்துக்கொண்டாள்.

எந்தச் சபையிலும் ஆட்களை எழுப்புவது இந்தக் கதைதான். கூட்டம் முடிந்ததும் அந்தச் சகோதரிக்கென்று யாராவது எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். பெட்டியில் ஏற்கெனவே இரண்டு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், மூட்டுவலித் தைலம் ஒரு புட்டி. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மூட்டு வலிக்கும் என்று யாருக்குத்தான் தோன்றியதோ. எதையும் அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். கையில் பொட்டலம் எதுவும் இல்லை. கண்களும் காய்ந்திருந்தன.

"அக்கா, அந்தச் சகோதரி மறுநாளே எப்படி எழுந்திரிச்சாங்க? எம் பையன் போயி ஒன்பது மாசமாச்சு. என்னால இன்னும் முடியல."

இதற்கு ஊழியத்தில் தயாராக ஒரு பதில் உண்டு. கிருபை என்று தொடங்கும். அதைச் சொல்ல வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"வீட்டுல ஒரு சத்தமும் இல்லம்மா. தாங்க முடியல. ஏதாவது சத்தம் கேக்கணும்னுதான் போய் மணி அடிச்சாங்க. அதுக்கு அடுத்த நாள் எழுந்திரிக்கல. ரெண்டு மாசம் எழுந்திரிக்கல."

இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணிடமிருந்து பெரிய மூச்சு ஒன்று வந்தது. அப்புறம் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஒயர் பாதி சுருண்டபடி கீழே கிடந்தது. கிடக்கட்டும் என்று இவளும் அசையாமல் நின்றாள். இந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்போல என்று முதல் தடவையாக அவளுக்குப் பட்டது. இப்படிச் சொன்னால் சரி.

வாசல் வரை போன பெண் திரும்பினாள்.

"குழந்தையோட அப்பா எங்கக்கா? கதையில அவர் வரவே இல்லையே. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், பையன் பேச்சையே எடுக்கிறதில்ல."

பதினோரு சபைகளில் இதை ஒருவரும் கேட்டதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டியோடு வந்தார். திட்டு விழுவதற்கு முன்பே முந்திக்கொண்டார்.

"எல்லாரும் தூங்கி வழியிறாங்க. என்னை என்னதான் பண்ணச் சொல்றே?"

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"ஒரு பொண்ணு கேட்டா" என்றாள். "நம்ம பாப்பாவோட அப்பாவைக் கதையில காணோமேன்னு."

துண்டுச் சீட்டுகூட இல்லாமல் ஒன்றரை மணி நேரம் பேசக்கூடிய மனிதர் அவர். பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது.

"அங்கே ஒரு சகோதரர்…" என்று ஆரம்பித்தார்.

அதற்கு மேல் வரவில்லை.

அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. அவள் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.