சர்க்கரை சேர்க்காத கடை

சாஸ் பாட்டில் உணவு ஆய்வாளரின் காதை உரசிக்கொண்டு போய், பின்னாலிருந்த கண்ணாடிக் கதவில் வெடித்தது. ஆய்வாளர் அம்மாளின் தோளெல்லாம் சாஸ் சிவப்பாய் வழிந்தது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மலையண்ணன் அடுத்த பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டார்.

மலையண்ணன் கடைக்காரரின் கூடப் பிறந்த அண்ணன். இருபது வருஷம் மூட்டை சுமந்த உடம்பு. அந்தத் தெருவில் யாரும் அவரை இயற்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; எல்லாருக்கும் மலையண்ணன்தான்.

"ஆள் வச்சு அடிக்கிறீங்களா? இதுக்குத்தான் உட்காருங்க உட்காருங்கன்னு உபசாரம் பண்ணீங்களா?" என்று கத்தினார் ஆய்வாளர்.

கடைக்காரர் பேயறைந்தது போல நின்றார். கால் மணி நேரத்துக்கு முன்புவரை எல்லாம் சுமுகமாகத்தான் இருந்தது. ஆய்வாளர் ஒரு ஜூஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துக் கேட்டிருந்தார்.

"முன்னாடி பெரிய எழுத்துல 'சர்க்கரை சேர்க்காதது'. பின்னாடி எறும்பு மாதிரி பொடி எழுத்துல டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப். ரெண்டும் சர்க்கரைதான். சாஸ், பிரெட், ஓட்ஸ் எல்லாத்துலயும் இதே கதை. என்னங்க இது?"

"அதெல்லாம் கெட்டுப்போகாம இருக்கிறதுக்கு மேடம். சத்தியமா சொல்றேன், இந்தக் கடையில ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. சுகர்ல கஷ்டப்படுற எங்க அண்ணனுக்காகவே ஆரம்பிச்ச கடை."

"சரி, லேப் சொல்லட்டும்" என்று ஆய்வாளர் மாதிரிகளைப் பையில் போட ஆரம்பித்தபோதுதான் மலையண்ணன் மாடி வீட்டிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். ஏ.சி. குளிரில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவருடைய சட்டை மட்டும் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "யா... யாரு? எதுக்கு எடுக்கறாங்க?" என்றார். நாக்கு புரளவில்லை. பிறகு பாட்டில் பறந்தது.

ஆய்வாளரின் உதவியாளர் ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த மனிதர். "ஏம்பா, நிறுத்து!" என்று குறுக்கே போனார். மலையண்ணன் அவர் கழுத்தைக் கொத்தாகப் பிடித்து ஓட்ஸ் அலமாரியில் அறைந்தார். பலகைகள் முறிந்து டப்பாக்கள் தலையில் கொட்டின. உதட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு பல் வெளியே வந்தது. அப்போதும் பிடி தளரவில்லை. உதவியாளரின் கண்கள் பிதுங்கின.

"அண்ணே, விடுண்ணே! செத்துடுவாருண்ணே!" என்று கையில் தொங்கிய தம்பிக்கு முழங்கையால் ஓர் இடி. மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது.

ஆய்வாளர் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியை எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். மூன்றாவது தலையில் விழுந்ததும் மலையண்ணன் மண்டியிட்டுச் சரிந்தார். பின்மண்டையிலிருந்து இரத்தம் காலருக்குள் இறங்கியது.

"காலங்காத்தால குடிச்சிட்டு வந்து..." என்று குனிந்த ஆய்வாளர் பாதியில் நிறுத்தினார். சாராய வாடையே இல்லை. விரல்கள் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

மாடிப்படியில் மலையண்ணனின் மனைவி அலறியடித்து ஓடி வந்தாள்.

"அடிக்காதீங்க! அவரு குடிக்க மாட்டாருங்க! சுகர் இறங்கிடுச்சு! இன்சுலின் ஊசியைப் போட்டுக்கிட்டு, கீழ ஏதோ சத்தம்னு சாப்பிடாமலே வந்துட்டாரு!"

போனில் கூப்பிட்டதற்கு, ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். ஆய்வாளர் கம்பியைக் கீழே போட்டார். "வீட்டுல சர்க்கரை இருக்கா? மிட்டாய்? எதாவது?"

"எல்லாத்தையும் எப்பவோ ஒழிச்சுக்கட்டியாச்சுங்க. நாங்க சாப்பிடறது பூரா இந்தக் கடைச் சாமான்தான். அப்படியும் மாசா மாசம் டாக்டர் ஊசி அளவைக் கூட்டிக்கிட்டேதான் இருக்காரு."

கடைக்காரர் அண்ணியைப் பார்த்தார். ஆய்வாளரைப் பார்த்தார். பிறகு ஓர் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, அண்ணனின் தலையை மடியில் தூக்கி வைத்தார்.

அண்ணி அவர் கையைத் தட்டிவிட்டாள். "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? அது சர்க்கரை இல்லாத ஜூஸ்! அதை ஊத்தி என்ன ஆகப்போகுது?"

அண்ணியிடம் இதுவரை குரல்கூட உயர்த்தாத கடைக்காரர் அவளைப் பிடித்துத் தள்ளினார். கண்ணாடிச் சில்லில் கை ஊன்றி விழுந்தவள் எழுந்து வந்து, இரத்தக் கையாலேயே அவர் முதுகில் குத்தினாள். "கொல்றானே! அண்ணனையே கொல்றானே!"

குத்துகளை வாங்கிக்கொண்டே அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். ஒரு மடக்கு. அண்ணன் விழுங்கினார். இன்னொரு மடக்கு. பாதி பாட்டில் காலியானது.

பத்து நிமிஷத்தில் விரல்களின் இழுப்பு நின்றது. கண்களில் தெளிவு வந்தது.

அண்ணியின் கை ஓங்கியபடியே அந்தரத்தில் நின்றது. பாட்டிலைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். ஆய்வாளர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

மலையண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. முறிந்த அலமாரி, நொறுங்கிய கதவு, வாயைப் பொத்திக்கொண்டிருந்த உதவியாளர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் கோணியது.

"யாருடா... யாருடா நம்ம கடையை இப்படி நாசம் பண்ணது?"

தம்பி மூக்கு இரத்தத்தைத் துடைக்கவில்லை.

"நான்தாண்ணே."