டோமினோ மேசையில் பிரஷர்

மூன்று மாதமாகச் சோதனைக்கு வராமல் டிமிக்கி கொடுக்கும் எவரிஸ்டோவைத் தேடி, தெருவின் குடும்ப டாக்டர் யானெலிஸ் டோமினோ மேசைக்கே வந்து நிற்கிறாள். ஹவானா வெயில் பாதாம் இலைகளின் வழியே காய்கள்மேல் புள்ளி புள்ளியாக விழுகிறது. அவர் தலைநிமிராமல் இடக்கையை மட்டும் நீட்டுகிறார். வலக்கை, இரு பாதியிலும் ஒன்பது புள்ளியுள்ள, இன்னும் இறக்க வாய்க்காத இரட்டை ஒன்பதுக் காயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. பிரஷர் பட்டை உப்பி, புஸ்ஸென்று இறங்குகிறது. “நூத்தி அறுபது. போன தடவை நூத்தி முப்பதுதானே இருந்துச்சு?” எதிரணியில் ஆடும் ஒவிடியோ வாயிலிருந்து சுருட்டை எடுக்கிறார். “இரட்டை ஒன்பது இன்னும் வெளிய வரல. பிரஷர் இப்படி ஏறியிருக்குன்னா, அது இவன்கிட்டதான் முழிச்சுக்கிட்டு இருக்கு.” சொல்லிக்கொண்டே, காய் வரிசையில் ஒன்பதை வைக்கக்கூடிய ஒரே முனையை வேறு காய் வைத்துச் சாவகாசமாக அடைக்கிறார். மேசை குலுங்க எல்லோரும் சிரிக்கிறார்கள். எவரிஸ்டோ பட்டையிலிருந்து கையை உருவிக்கொள்கிறார். “இனிமே மாசாமாசம் நானே வந்துடறேன் டாக்டரம்மா. நீங்க மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க.”